நெடுஞ்சாளை

பார்சல் வண்டியில் வந்த நான்கு கட்டுகளையும் மைதீன் கனி தானே தோளில் சுமந்து முன்னறையில் இறக்கினார். கோட்டாறு சந்தையில் பன்னிரண்டு வருஷம் அரிசி மூட்டை தூக்கிய தோள். புத்தகக் கட்டெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. அப்படிப்பட்ட தோளை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் பதிப்பகம் நடத்துகிறார் என்பது சொந்தக்காரர்கள் யாருக்கும் விளங்கவில்லை. ஒரு கணினி, ஒரு மேசை, வாசலில் 'கரைமடி பதிப்பகம்' என்று ஒரு பலகை. மழை ஓயும் காலத்தில் வருஷத்துக்கு மூன்று புத்தகம். அவ்வளவுதான் பதிப்பகம்.

இந்த வருஷத்து மூன்றில் அவர் உயிரை வைத்திருந்தது ஒன்றின்மேல். மணக்குடியிலிருந்து தினமும் தெருவுக்கு மீன் கொண்டுவரும் ஞானசெல்வி எழுதிய 'சாளைக் காலம்'. ஒன்றரை வருஷம் கேட்டுக் கேட்டு வாங்கிய நோட்டு அது.

"எனக்க எழுத்துல ஒரு வார்த்தை மாத்தப்பிடாது. மாத்தினீருண்ணா புக்கே வேண்டாம், கேட்டீரா?" என்று சொல்லித்தான் கொடுத்தாள். அவரும் படச்சவன்மேல் சத்தியம் செய்திருந்தார்.

மனைவி மைமூன் பீவி கட்டைப் பிரித்து ஒரு பிரதியை எடுத்தாள். நின்றபடியே புரட்டியவள் சட்டென்று சிரித்தாள்.

"இஞ்ச கேளுங்கோ. 'மீன் ஏற்றிய வண்டி நெடுஞ்சாளையில் கவிழ்ந்தது.' அது என்ன மீனு? நீளமான சாளையா?"

மைதீன் கனி புத்தகத்தைப் பிடுங்கிப் பார்த்தார். கதையில் ஒருத்தி சாளையோரம் நின்று தண்ணீர் குடிக்கிறாள். பிள்ளையைப் பாடசாளையில் சேர்க்கிறாள். மொத்தம் ஏழு இடம்.

செய்தது யார் என்று தேட வேண்டியதில்லை. பிழை திருத்திக் கொடுத்தவர் வடக்கத்தி ஊர்க்காரர். சாளை என்று ஒரு மீன் இருப்பதே தெரியாத பாவி. சாளையை எல்லாம் சாலை என்று 'திருத்தி' அனுப்பியிருந்தார். அச்சுக்குப் போகிற அன்றைக்குத்தான் மைதீன் கனி அதைக் கண்டார். அட கெடுத்தானே என்று கணினியில் ஒரே தட்டு. சாலை எல்லாம் சாளை ஆகிவிட்டது. ரோடும்தான்.

"இன்னைக்கு வியாழன். ஞாயித்துக்கெழம வெளியீடு" என்றார், சுவரைப் பார்த்து. "சொல்லாம விட்டா அவ கவனிப்பாளா?"

"மூட்டைக்குள்ள கல்லு போட்டு வித்தவன அண்ணைக்கு சந்தையில வச்சு அடிச்சிய. இப்பம் நீங்க போடுதியளோ?"

வாசலில் "மீனேய்" என்ற குரல் கேட்டது. ஞானசெல்வி தலையிலிருந்த மீன் சருவத்தை இறக்கிவைத்துவிட்டு, சேலையில் கையை இரண்டு தடவை துடைத்தாள். பிறகு மூன்றாவது தடவையும் துடைத்தாள்.

"வந்திட்டா அண்ணே? தாரும் பாப்பம்."

கொடுத்தார். அட்டையில் தன் பெயரை விரலால் தடவினாள். அந்த முகத்தைப் பார்த்தபிறகு சொல்வதற்கு மூட்டை தூக்குவதைவிட அதிகம் பலம் வேண்டியிருந்தது. சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. வடக்கத்திக்காரரின்மேலும் பழி போடவில்லை.

ஞானசெல்வி ஏழு இடத்தையும் பார்த்தாள். நிதானமாக, உதடு அசைய வாசித்தாள்.

"மூணாங்கிளாஸ் பிள்ள இத விட நல்லா எழுதும்."

"வாஸ்தவம்தான் மக்கா. வேண்டாம்ணு சொல்லு, நோட்ட இப்பமே தாறேன்."

"வேண்டாம்ணா? மீன்காரிய எல்லாருட்டயும் சொல்லியாச்சு. சோலியப் போட்டுட்டு ஞாயித்துக்கெழம வருவாளுவ. நெடுஞ்சாளைண்ணு வாசிச்சாளுவண்ணா நான் சாகுற வரைக்கும் அதுதான் எனக்குப் பேரு." புத்தகத்தை மடியில் வைத்தாள். "எத்தற புக்கு?"

"முந்நூறு."

"பேனா எடும். நானே வெட்டி எழுதுகேன். எனக்க கைலதான் இது சரியாகணும். மைமூனக்கா, நீங்க பக்கத்த எடுத்துத் தாங்க."

மைதீன் கனி அவசரமாகப் பேனாவை நீட்டினார். அவள் வாங்கவில்லை. வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"சருவத்துல பாதிக்கு மேல கெடக்கு. உச்சி சாஞ்சா சாளைக்கு வயிறு வெடிச்சிரும். நான் இஞ்ச இருந்தா அத ஆரு விப்பா?"

அவர் மனைவியைப் பார்த்தார். மைமூன் பீவி பழைய துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மீன் சருவம் அரிசி மூட்டை மாதிரி இல்லை. அது ஆடியது, ஐஸ் தண்ணீர் கழுத்தில் இறங்கியது. தெருவில் பத்தடி நடந்தார். நேற்றுவரை 'பதிப்பாளர்' என்று கூப்பிட்ட தையல்கடைக்காரர் தைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"மீனு..." என்றார் மைதீன் கனி, பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில்.

ஜன்னலுக்குள்ளிருந்து ஞானசெல்வியின் குரல் வந்தது. "என்ன மீனு? பேரச் சொல்லி விளியும்!"

"சாலே..."

"ளை! ளை! நாக்க மடக்கும் அண்ணே!"

உள்ளே மைமூன் பீவி சிரிக்கும் சத்தம். மைதீன் கனி மூச்சை இழுத்தார். சந்தையில் வழிவிடச் சொல்லிக் கத்திய அந்தப் பழைய தொண்டையைத் திறந்தார்.

"சாளேய்ய்! சாளை!"

மூன்றாவது வீட்டுக் கதவு திறந்தது. ஒரு பெண் தட்டோடு வந்து நின்றாள். ஆள் யார் என்றுகூடப் பார்க்கவில்லை.

"இறக்கும். செவுள விரிச்சுக் காட்டும் பாப்பம்."