தூங்க மறுத்த கம்ப்யூட்டர்

மின்வெட்டு ஊரை வாட்டிக்கொண்டிருந்த 2008 டிசம்பர். ஆபரேட்டர் சிவக்குமாரைப் போலீஸ் அழைத்துப் போன மறுநாள் காலை, பாலகணேஷ் கப்பலூர் சாயப்பட்டறைக்கு வந்து சேர்ந்தான். அங்கே சாயத் தொட்டியை இயக்கும் கம்ப்யூட்டர் புரோகிராம் அவன் எழுதியது.

கேட்டிலேயே ஒரு பெண் வழிமறித்தாள்.

"நான் சிவக்குமார் சம்சாரம் சார், அஸ்வினி. எந்தப் பட்டனையும் தொடலைங்கிறாரு. காது கொடுத்துக் கேக்க ஆள் இல்ல."

"பாத்துட்டுச் சொல்றேம்மா."

நடந்தது இதுதான். மூடிய தொட்டிக்குள் நூல் ஆவியில் வெந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. அப்படிப் போனால், பேட்டரி தீர்வதற்குள் கம்ப்யூட்டர் தன் நினைவில் உள்ளதையெல்லாம் டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்க வேண்டும். கரண்ட் வந்ததும் விழித்து, விட்ட இடத்தில் தொடர வேண்டும். அன்று தொடரவில்லை. புதிதாகப் பிறந்ததுபோல் எழுந்து, தொட்டி காலி என்று எடுத்துக்கொண்டு, மூடியின் பூட்டைத் திறந்துவிட்டது. பீறிட்ட ஆவியில் வெந்த தொழிலாளி காளை, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துபோனான். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த சிவக்குமார்தான் திறந்துவிட்டான் என்று வழக்கு.

பாலகணேஷ் மெயின் சுவிட்சை அணைத்தான். கம்ப்யூட்டர் சமர்த்தாகத் தூங்கியது. போட்டான், விழித்தது. மறுபடி, மறுபடி. ஒரு பிசகும் இல்லை.

"பாத்தீகளா தம்பி?" என்றார் பட்டறை முதலாளி சின்னச்சாமி. "மெஷின் கோளாறுன்னா இப்பவும் வரணும்ல?"

"விபத்துக்கு முன்னாடி இதைக் கடைசியா எப்ப அணைச்சீங்க?"

"ஆயுத பூஜைக்கு. அணைச்சு, பொட்டு வச்சு, மாலை போட்டோம். அப்புறம் எதுக்கு அணைக்கணும்? கரண்ட் போனா அதுவா தூங்குது, அதுவா முழிக்குது."

ஆனையூரில் பாலகணேஷ் வேலை பார்க்கும் ஆபீஸில், தினமும் சாயங்காலம் சாமி படத்துக்கு விளக்கேற்றிய கையோடு எல்லா கம்ப்யூட்டரையும் அணைக்கச் சொல்லிவிடுவார் அவன் முதலாளி ராமமூர்த்தி. அவன் சோதித்ததெல்லாம் அன்றன்று காலையில் போட்ட மெஷின்களை. மாதக்கணக்கில் அணையாத மெஷினை அவன் பார்த்ததே இல்லை.

தூங்கப் போகும் நேரத்தில் அவன் புரோகிராம், நினைவகத்தில் ஒரே துண்டாகப் பெரிய இடம் கேட்கும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் கிளம்பப் போகும் பஸ்ஸில் அங்கொன்றும் இங்கொன்றுமாக சீட் காலியாக இருக்கும். குடும்பமாகச் சேர்ந்து உட்கார இடம் இருக்காது. நாள்பட ஓடிய கம்ப்யூட்டரும் அப்படித்தான். இடமில்லை என்று பதில் வந்திருக்கும். தூக்கம் ரத்தாகி, பேட்டரி தீர்ந்து, எல்லாம் மறந்திருக்கும். புதிதாக எழுந்ததில் சீட்டெல்லாம் காலியாகிவிட்டது, அதனால்தான் இப்போது ஒழுங்காகத் தூங்குகிறது.

நினைவகத்தைச் சில்லுச் சில்லாகப் பிடித்துவைக்கும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதி ஓட்டினான். மெயினை அணைத்தான். போதிய நினைவகம் இல்லை என்று திரையில் ஒரு வரி வந்தது. கம்ப்யூட்டர் தூங்கவில்லை.

ஆபீஸுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னான். பக்கத்தில் ஆள் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, ராமமூர்த்தி இருவருக்கும் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்துக்கு மாறினார்.

"நீயே கெடுத்துட்டு, கெட்டுப்போச்சுன்னு காட்டுறியா? எவன் நம்புவான்? வாயை மூடிட்டு வந்து சேரு."

அவன் போகவில்லை. நேரே ஸ்டேஷனுக்குப் போனான். இன்ஸ்பெக்டரும் அதையேதான் கேட்டார்.

"நீங்க ஒரு புரோகிராம் போட்டீங்க, மெஷின் மக்கர் பண்ணுச்சு. அன்னைக்கும் அதுதான் நடந்துச்சுன்னு என்ன ஆதாரம்?"

"அன்னைக்கு அதுக்குள்ள இருந்ததெல்லாம் அழிஞ்சுபோச்சு சார். ஆனா தப்பு என்னுது. புரோகிராம் ஆரம்பிக்கும்போதே அந்த இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கணும். எழுதித் தாரேன். அவரை விட்டுருங்க."

எழுதிக் கொடுத்ததை இன்ஸ்பெக்டர் நிதானமாகப் படித்தார்.

"பக்கத்துல இருந்தவன் அவன். திறக்கிற மாதிரி எழுதினவர் நீங்க. ரெண்டு பேரும் இருங்க. கோர்ட்டு பிரிச்சுச் சொல்லட்டும்."

உள்ளே பெஞ்சில் சிவக்குமார் நகர்ந்து இடம் விட்டான்.

"கண்டுபிடிச்சுட்டீகளாண்ணே?"

"ம்."

"சரி பண்ண எம்புட்டு வேலை?"

"ஒரு வரியை மேல ஏத்தி எழுதணும்."

"ஒரு வரியா?"

பாலகணேஷ் தலையசைத்தான். சிவக்குமார் எழுந்து போய் எதிர்ச் சுவரோரம் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

வாசலில் அஸ்வினி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்: "அந்த சார் உள்ள போயிட்டாரு. இனி எங்க வீட்டுக்காரரு வந்துருவாரு."