ரத்தம் வராத காயம்

இப்போது சேரப்பணஞ்சேரி ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் கம்பெனி ஷிப்ட் பஸ்கள் எல்லாம் போகும்வரை ஓரமாக நின்றாக வேண்டும். தொண்ணூற்றொன்றில் அதே ரோட்டின் நடுவில் நான் சைக்கிள் மிதித்தேன், பின்னால் என் வீட்டுக்காரர் யாக்கோபு. கல்யாணமாகி அது முதல் வருஷம். நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. அந்த நாள் இன்னொரு தடவை வராதா என்றும் இருக்கிறது.

அவருக்கு சென்ட்ரிங் வேலை, கான்கிரீட் போடப் பலகை அடித்துப் பிரிப்பது. ஒரகடம் பக்கம் புதிதாக எழும்பிய ஒரு கட்டடத்தில் பலகை பிரிக்கும்போது, துருப்பிடித்த ஆணி ரப்பர் செருப்பைத் துளைத்து உள்ளங்காலில் ஏறிவிட்டது. அந்த ஆட்களிடம் அதற்கென்றே ஒரு வைத்தியம் உண்டு. குத்திய இடத்தைச் சுத்தியல் பிடியால் தட்டி, எண்ணெய்த் துணியைச் சுட்டு ஒத்தடம் கொடுத்து, சுண்ணாம்பை அப்பி அடைத்துவிடுவார்கள். மேஸ்திரி பரசுராமன் தன் கையாலேயே தட்டினாராம்.

"ஒரு சொட்டு ரத்தம் வர்ல. ரத்தமே வரலன்னா இன்னா பயம்?" என்று வந்து பீற்றிக்கொண்டார் இவர்.

மூன்றாம் நாள் கால் வீங்கி, தொட்டால் சுட்டது. சிவப்பு கணுக்கால் வரை ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்றால் மனுஷன் காதில் போட்டுக்கொண்டால்தானே. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாசலில் கிடந்த செருப்பை எடுத்துப் பார்த்தேன். ஆணி போன இடத்தில் உளுந்தளவு ரப்பரைக் காணோம்.

"யோவ், இதுல இருந்த துண்டு எங்கய்யா? உன் கால்லதான் கீது."

அவர் முகம் மாறியது. ஆனாலும் நாளைக்கு பஸ்ஸில் போகலாம் என்றார். நான் சைக்கிளை எடுத்தேன்.

"நீ மிதிக்க, நான் பின்னால குந்தறதா? ஊரு சிரிக்கும்."

"சிரிக்கட்டும். நொண்டினா மட்டும் கைதட்டுமா? ஏறு."

ஏறினார். டீக்கடையைத் தாண்டும்போது துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பரசுராமன் கேலியாக விசில் அடித்தது என் காதில் விழுந்தது. எனக்கு இருந்த பயம் ஒன்றுதான், இந்தக் கால் போய்விட்டால் என்ன செய்வது. அழுதுகொண்டேதான் மிதித்தேன்.

படப்பை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டெட்டனஸ் வராமலிருக்க டிடி ஊசி போட்டு, காயத்தைக் கீறினார். சீழோடு நீல ரப்பர் துண்டு வந்தது.

"இந்த மாதிரி காயம் மேல ரத்தம் காட்டாது. அழுக்கு உள்ளயே தங்கிடும். ஆணி ஆழமா குத்தினா அன்னைக்கே வரணும். இன்னும் விட்டிருந்தா காலைக் காப்பாத்தறதே கஷ்டமாயிருக்கும்," என்றார்.

திரும்பும்போது டீக்கடையில் அதே கூட்டம். நான் வேகமாகத் தாண்டப் பார்த்தேன்.

"நிறுத்து ராஜம்மா," என்றார். நிறுத்தினேன்.

"மேஸ்திரி, ரத்தம் வரலன்னாதான் பயப்படணுமாம். இனிமே எவனுக்குனா குத்திச்சுன்னா தட்டிகினு குந்தாதீங்க, ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க. ஆள் இல்லன்னா சொல்லி அனுப்புங்க, என் பொண்டாட்டி இட்டுகினு போவா."

யாரும் சிரிக்கவில்லை. நான் மிதிக்கத் தொடங்கியதும் என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வீடு வரும்வரை கையை எடுக்கவில்லை.