கொடையாளி ஏழு, கொடையாளி எட்டு

மலேரியாக் கிருமிக்குச் சோறு மனித ரத்தம்தான். சிவப்பணுவுக்குள் புகும், உள்ளே இருப்பதைத் தின்னும், இரண்டாம் நாள் சுவரை உடைத்துக்கொண்டு இருபது குட்டிகளாக வெளியே வந்து அடுத்த வீட்டுக்குள் நுழையும். ஆய்வுக்கூடத்தில் அதற்குத் தீனி போடுவது என் வேலை. வாரம் ஒருமுறை புது ரத்தம் வேண்டும். ரத்த வங்கிக்கு எழுதிப்போட்டுக் காத்திருப்பதை விட என் கை பக்கத்தில் இருந்தது. ஓ குரூப். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். நீட்டு என்றால் நீட்டிவிடுவேன்.

என் ரத்தத்தில் கிருமி வளரவில்லை. நான்காம் நாள் நுண்ணோக்கியில் பார்த்தால் பாதிக்கு மேல் சுருண்டு கிடந்தது. பேராசிரியரைக் கூப்பிட்டேன். எந்நேரமும் சிரித்த முகம் என்பதால் நாங்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் சிரிப்பு.

"உன் ரத்தம் கிருமிக்கே பிடிக்கலம்மா."

"எங்க வீட்டுக்கு வர்ற விருந்தாளியும் அப்படித்தான் சார். ஒரு வேளைக்கு மேல தங்கமாட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

"வீட்டுல வேற யாராவது தருவாங்களா?"

அக்காவையும் அத்தை மகனையும் கூட்டிவந்தேன். இருவருக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம். ஊசியைக் கண்டதும் அத்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"கல்யாணத்துக்கு முன்னாடியே ரத்தத்த உறிஞ்ச ஆரம்பிச்சாச்சா?"

"இது சும்மா ருசி பாக்கத்தான்," என்றாள் அக்கா.

"எப்பம்மா கல்யாணம்?" என்று சிரிப்பு கேட்டார். அடுத்த மாதம் என்றாள். நல்லா இருங்க என்றார்.

அது நடந்து இரண்டு வருடம். அவர்கள் குழந்தைக்கு இப்போது எட்டு மாதம். இரண்டு கையும் இரண்டு காலும் வீங்கி, தொட்டால் வீரிடுகிறது. மூன்று டாக்டர்கள் பார்த்தாயிற்று. ஒருவர் பூச்சிக்கடி என்றார், மற்ற இருவர் அதுகூடச் சொல்லவில்லை. அத்தைக்கு டாக்டரே தேவைப்படவில்லை. "தூக்கத் தெரியாம தூக்கி எலும்பப் பிசகிட்டா." அன்றிலிருந்து அத்தை கூடவே நின்றால்தான் அக்கா தன் பிள்ளையைத் தொடலாம்.

போன வாரம் சிரிப்பின் கட்டுரையைப் பிழைதிருத்தக் கொடுத்தார்கள். அரிவாள் செல் கூறு உள்ளவர்களின் ரத்தத்தில் மலேரியாக் கிருமி வளராதது பற்றி. அட்டவணையில் கொடையாளி ஒன்று, பெண், வயது இருபத்தொன்று. அது நான். கொடையாளி ஏழு, பெண், இருபத்துமூன்று. கொடையாளி எட்டு, ஆண், இருபத்தெட்டு. மூன்றுக்கும் நேரே, கூறு உண்டு. அடிக்குறிப்பில், ஏழும் எட்டும் உறவினர்கள். சோதித்த தேதி கல்யாணத்துக்கு மூன்று வாரம் முந்தியது.

அந்தக் கூறு தாய் தகப்பன் இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஒன்றும் செய்யாது, மலேரியாவைத்தான் அடக்கும். இருவரிடமிருந்தும் வந்தால் குழந்தையின் சிவப்பணு அரிவாளாக வளைந்து சின்னக் குழாய்களை அடைக்கும். முதலில் வீங்குவது கையும் காலும். நாலு பிள்ளையில் ஒன்றுக்கு அப்படி ஆகலாம். பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வி. ஐந்தும் வாங்கியவள் நான். என் ரத்தம் என்று வந்தபோது யோசிக்கவில்லை. யோசிக்க சார் இருக்கிறாரே என்று விட்டுவிட்டேன்.

"சார், இது எங்க அக்காதானே?"

"கொடையாளி ஏழு," என்றார். "பேர வெளிய சொல்லமாட்டோம்னு படிவத்துல கையெழுத்து வாங்கினதே நீதானேம்மா."

"அவங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்."

"சொன்னா கல்யாணம் நின்னுருக்கும். அடுத்தவங்க குடும்பத்துல நான் தலையிடலாமா?"

குழந்தையின் கை வீங்கியிருக்கிறது என்றேன். பேனாவை எடுத்தார்.

"எந்த மாசத்துல ஆரம்பிச்சுது? ஒரு ரெண்டு மில்லி ரத்தம் கிடைச்சா நல்லாருக்கும்."

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். அத்தை வாசற்படியில் நின்றிருந்தாள்.

"அப்ப உங்க ரத்தத்துல இருந்து வந்த சீக்குதானா?" என்றாள் அத்தை.

"உங்க ரத்தமும்தான் அத்தை. நீங்க எங்கப்பாகூடப் பொறந்தவங்கதானே. உங்க மகனுக்கும் இருக்கு."

அத்தை உள்ளே போய்விட்டாள். அக்கா மடித்த துணியை உதறி மறுபடி மடித்தாள்.

"அந்த ஆளு யாரோ எவரோ. என் கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனவ நீ. என்ன பாத்தீங்கன்னு ஒரு வார்த்த கேக்கலையா?"

நான் கேட்கவில்லை.

"ரெண்டு எழுத்துப் படிச்சிருக்கியேன்னு உன்ன நம்பி வந்தேன்டி," என்றாள்.

மறுநாள் தீனி போடும் நாள். ஒரு வருடமாக வளர்த்த கிருமி, பதினாலு குடுவை, அடுத்த வாரம் வெளியூர்க்காரர்கள் பார்க்க வருகிறார்கள். வங்கி ரத்தத்தைக் கைகழுவும் தொட்டியில் கொட்டினேன். இடது கையில் நானே ஊசி போட்டு என் ரத்தத்தை எடுத்து, சிவப்பணுவைக் கழுவி, பதினாலிலும் பிரித்து ஊற்றினேன்.

"தீனி போட்டாச்சாம்மா?" என்று சிரிப்பு எட்டிப்பார்த்தார்.

"போட்டாச்சு சார்."

சிரித்தார்.