மாரீஸ்வரியின் கல்யாணப் படங்கள்

மெர்லின் சின்னமனூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மார்க்கையன்கோட்டைப் பக்கம் போவாள். பிள்ளைகள் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போன கம்ப்யூட்டரைத் தொடவே பயந்துகொண்டு சில வீடுகளில் பெரியவர்கள் இருந்தார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாள். வகுப்பில் நாற்பது பிள்ளைகளிடம் கத்துவதைவிட இது அவளுக்குப் பிடித்திருந்தது.

அப்படிப் போன வீடுகளில் ஒன்று வாழை விவசாயி கர்ணனுடையது. அவருடைய ஒரே மகள் மாரீஸ்வரியைக் குமுளியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அவள் படிக்கும்போது வாங்கிய கம்ப்யூட்டர் வீட்டிலேயே தங்கிவிட்டது. "பெரிய திரையில் முகம் பார்த்துப் பேசலாம், கத்துக்கம்மா" என்று மகள் வற்புறுத்தியதால்தான் கர்ணனின் மனைவி சோணையம்மாள் சம்மதித்தாள். கர்ணனுக்கு உட்கார்ந்து கற்றுக்கொள்ளப் பொறுமை கிடையாது.

சோணையம்மாளுக்கு ஆரம்பத்தில் இருந்த பயம் கொஞ்சநஞ்சமல்ல. திரையில் புதிதாக ஒரு பெட்டி வந்தால் போதும், மௌஸை விட்டுவிட்டுக் கையை மடியில் வைத்துக்கொள்வாள்.

"நான் ஒண்ணும் பண்ணலை டீச்சர். அதுவா வந்துச்சு."

"வரட்டும்க்கா. என்ன கேக்குதுன்னு படிச்சுப் பாருங்க. அவசரமே இல்லை."

மழைக்காலம் முடிவதற்குள் அவளுக்கு நிறைய வந்துவிட்டது. முறையாக அணைக்கத் தெரிந்தது. பின்பக்க விசிறியில் படியும் தூசியைப் பெயிண்ட் பிரஷால் தட்டி எடுக்கத் தெரிந்தது. மகளை வீடியோவில் கூப்பிட்டு, "என்னடி இளைச்சுப் போயிட்டே" என்று கேட்கத் தெரிந்தது. எல்லாவற்றையும்விட அவளுக்குப் பிடித்தது மகளின் கல்யாணப் படங்களைத் திறந்து பார்ப்பது. ஸ்டுடியோக்காரர் பென்டிரைவில் கொடுத்த படங்களை மெர்லின்தான் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொடுத்திருந்தாள். பென்டிரைவைக் கர்ணன் எடுத்துப்போய், இருந்ததை அழித்துப் பாட்டுப் பதிந்து டிராக்டரில் செருகிக்கொண்டார். இன்னொரு இடத்திலும் எடுத்து வைக்க வேண்டும் என்று மெர்லின் சொல்லியும், படம்தான் கம்ப்யூட்டரில் இருக்கிறதே என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தை மாதத்தில் கம்ப்யூட்டர் மந்தமானது. விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டால் சரியாகிவிடும் என்றாள் மெர்லின். அந்த ஞாயிறு அவளுடைய அண்ணன் குழந்தைக்கு ஞானஸ்நானம். மதியத்துக்குள் அனுமந்தன்பட்டியில் இருக்க வேண்டும். அண்ணி இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். மெர்லின் சி டிரைவில் இருந்தவற்றைத் தன் ஹார்ட் டிஸ்கில் எடுத்துக்கொண்டாள். டி டிரைவையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே அதையும் சேர்த்து எல்லாப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து அழித்தாள். சோணையம்மாள் காபியோடு வந்தபோது புது விண்டோஸ் பாதி ஏறியிருந்தது.

அந்த வாரமே கர்ணனிடமிருந்து போன் வந்தது. சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது படங்களைக் காட்டலாம் என்று திறந்தால் ஒன்றும் இல்லையாம்.

"இவ எதையோ அமுக்கி அழிச்சுப்புட்டா டீச்சர். தெனமும் அதையே நோண்டிக்கிட்டு இருந்தா. அவுக முன்னாடி மானமே போச்சு."

படங்களை ஏற்றியது டி டிரைவில் என்பது மெர்லினுக்கு அந்த நொடியில்தான் நினைவுக்கு வந்தது. ஸ்டாஃப் ரூமில் பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

"சில நேரம் தெரியாம டெலிட் ஆயிரும்ணே," என்றாள். "ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறேன்."

யார் டெலிட் செய்தது என்று அவள் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு, தான் பொய் ஒன்றும் சொல்லவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனபோது கம்ப்யூட்டரைத் துண்டு போட்டு மூடி, பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். சோணையம்மாள் மெர்லினிடம் மன்னிப்புக் கேட்டாள்.

"நீங்க இம்புட்டு மெனக்கெட்டுச் சொல்லிக்குடுத்தீக. என் கைக்கு அது ஒத்து வரலை. இனிமே தொட மாட்டேன் டீச்சர்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கர்ணன் வாசலில் யாரோ இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். அவர்கள் போகட்டும் என்று நினைத்தாள். அவர்கள் போன பிறகு, சோணையம்மாளின் முகத்தைப் பார்த்து எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. "மீட்க முடியுமான்னு பாக்குறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அந்த வாரம் பாவமன்னிப்புக் கேட்கும் ஒப்புரவு அறையில் முழங்காலிட்டுச் சாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மென்மையாகத்தான் பேசினார். ஆனால் கோயில் படியிறங்கும்போதே, சொல்ல வேண்டிய ஆளை விட்டுவிட்டு வேறு யாரிடமோ சொன்னதாகத்தான் பட்டது.

மறுவாரம் சின்னமனூர் பஸ் ஸ்டாண்டில் சோணையம்மாளைப் பார்த்தாள். கையில் கறிகாய்ப் பையோடு ஓரமாக நின்றிருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"மக பேச மாட்டேங்குறா டீச்சர். 'ஒரு கல்யாணத்தைக்கூடப் பாதுகாக்கத் தெரியலையா'ன்னு கேட்டுட்டுப் போனை வச்சிட்டா. ஸ்டுடியோவுலயும் இல்லைன்டாக. எங்க வீட்டுக்காரவுகளும் சோத்துக்கு மட்டுந்தேன் வாயைத் திறக்குறாக."

பஸ் வந்தது. சோணையம்மாள் ஏறிப்போனாள். மெர்லின் பள்ளிக்குப் போய்ப் பாடம் எடுத்தாள். கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தவள் என்ன எழுதுகிறோம் என்று தெரியாமல் நின்றுவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். சாயங்காலம் மணி அடித்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேரே மார்க்கையன்கோட்டைக்கு வண்டியை விட்டாள்.

கர்ணன் தோட்டத்திலிருந்து வந்து குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தார். சோணையம்மாள் உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டு மெர்லின் நின்றபடியே சொன்னாள்.

"படத்தை அக்கா அழிக்கலை. நான்தான் அழிச்சேன். விண்டோஸ் போட்ட அன்னைக்கு அவசரத்துல பாக்காம அழிச்சிட்டேன். நீங்க போன் பண்ணப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லலை."

கர்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"அட, இதுக்கா இப்படி நிக்கிறீக? மிஷின்னா அப்படித்தேன். வேணுமின்டா செஞ்சீக? உக்காருங்க. ஏய், டீச்சருக்குக் காபி போடு."

அவர் குரலில் கோபத்தின் சுவடே இல்லை. திட்டியிருந்தால் மெர்லினுக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். இதே காரியத்துக்கு இந்த மனிதர் வீட்டுக்காரியோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்.

"அண்ணே, அக்காகிட்ட நீங்க பேசவே இல்லையாமே."

"அது வேற," என்றார் கர்ணன். மாட்டைப் பிடித்துக் கட்ட வேண்டும் என்று எழுந்து வெளியே போனார்.

சோணையம்மாள் காபி போட எழவில்லை. உரித்த பூண்டு முறத்தில் கிடந்தது.

"எந்தப் பொத்தானை அமுக்குனேன்னு நான் யோசிக்காத நேரமில்லை டீச்சர்," என்றாள். "அடுப்படியில நிக்கும்போதும் அதே நெனப்பு. கடைசியில, ஒருநாள் சாயங்காலம் படத்தை மூடும்போது கை தவறி எதையோ அமுக்குனது ஞாபகம் வந்துச்சு. அதுதான்னு முடிவே பண்ணிட்டேன். நடக்காத ஒண்ணு எனக்கு ஞாபகம் இருக்கு, பாருங்க."

மெர்லின் படங்கள் போனதை மட்டுமே இத்தனை நாளும் நினைத்து வருந்தியிருந்தாள். இந்தப் பெண்ணின் தலைக்குள் தன் மௌனம் போய் உட்கார்ந்து என்ன செய்திருக்கிறது என்று அவள் யோசிக்கவே இல்லை.

"மன்னிச்சிருங்கக்கா."

சோணையம்மாள் போனை எடுத்து மகளுக்கு அடித்து மெர்லினிடம் நீட்டினாள்.

"எம் மககிட்டச் சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க."

மெர்லின் சொன்னாள். இரண்டாம் முறை சொல்வது முதல் முறையைவிடக் கடினமாக இருந்தது. "எங்கம்மாட்டக் குடுங்க" என்றாள் மாரீஸ்வரி. போனைக் கொடுத்துவிட்டு மெர்லின் வாசலுக்கு வந்து நின்றாள். உள்ளே மகள் அழுவதும், "சரிடி, சரிடி, விடு" என்று தாய் தேற்றுவதும் கேட்டன.

சனிக்கிழமை மெர்லின் கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு தேனிக்குப் போனாள். அழிந்தவற்றை மீட்டுத் தரும் கடை ஒன்று அங்கே இருந்தது. புது விண்டோஸ் ஏறியதில் பெரும்பகுதி போய்விட்டது என்றார் கடைக்காரர். முடிந்ததை எடுத்துத் தந்தார். பெயர்கள் இல்லாமல், வரிசை இல்லாமல் கொஞ்சம் படங்கள். சிலவற்றில் மேல்பாதியில் மனிதர்கள் இருந்தார்கள். கீழ்ப்பாதி வெறும் சாம்பல் நிறம். தாலி கட்டும் படம் ஒன்றுகூட இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்ட படங்களோடு ஹார்ட் டிஸ்கைக் கொண்டுபோய் மாட்டினாள். வழக்கமாகச் சொல்லிக்கொடுக்க உட்காரும் நாற்காலியில் உட்காரத் தயங்கினாள். சோணையம்மாளே இழுத்துப்போட்டாள்.

"படத்தை இன்னொரு இடத்துலயும் எடுத்து வைக்கணும்னீகள்ல. அதைச் சொல்லிக்குடுங்க. நான் செய்யுறேன்."

மெர்லின் வாங்கிவந்திருந்த புது டிஸ்கைச் சோணையம்மாளே செருகினாள். ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்த்து, யாரென்று அடையாளம் கண்டு, மாப்பிள்ளை வீட்டார் ஒரு பக்கம், பெண் வீட்டார் ஒரு பக்கம் என்று பிரித்தாள். நடுவில் திரையில் ஒரு பெட்டி வந்தது. கையை எடுக்காமல், உதட்டை அசைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். மெர்லின் பக்கம் திரும்பவில்லை.

பாதி போன படம் ஒன்று வந்தது. "இது கெட்டுப்போச்சுக்கா, எடுத்துரலாம்" என்றாள் மெர்லின்.

"எதுக்கு? எங்க மதினி தலை தெரியுதுல்ல," என்றாள் சோணையம்மாள். "கெடக்கட்டும்."

அதையும் பெண் வீட்டார் பக்கம் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தாள்.