மூன்றாவது ஓலை

தையல்காரம்மா மகளுக்காகப் பொய் சொல்லத் தொடங்கியது மகளின் பதினாறாம் வயதில். கூடப் படித்த பிள்ளைகள் எல்லாம் வயதுக்கு வந்து வருஷக்கணக்காகிவிட்டது, இவளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. "இன்னுமா பெரியவளாகலை?" என்று நாத்தனார் குத்தலாகக் கேட்டதும், "போன மாசமே ஆயாச்சே!" என்று வாய் முந்திக்கொண்டது. சொன்ன பொய்யைக் காப்பாற்ற வேண்டுமே! மாதா மாதம் மருந்துக்கடையில் நாலு பேர் பார்க்க நாப்கின் பாக்கெட் வாங்கினாள். வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, செய்தித்தாளில் சுற்றி, குப்பை எடுப்பவர் வரும் நேரம் பார்த்துப் போட்டாள். ஆறு வருஷம் இதே வேலை.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தில் கால்வாசியை டாக்டரிடம் போவதில் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. உபவாசமிருந்து ஜெபித்தாள். எதற்காக என்று போதகர் கேட்டதற்கு, "ஒரு குடும்பக் காரியம் ஐயா" என்றதோடு சரி. கடவுளிடமே அதைப் பெயர் சொல்லிக் கேட்டிருப்பாளோ என்னவோ, எனக்குச் சந்தேகம்தான்.

மகள் படித்து முடித்து, மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிப் பொருத்தும் வேலைக்குப் போனாள். அங்கே ஒரு லிப்ட் மெக்கானிக் கண்ணாடி மாற்ற வந்தான். வந்தான், வந்தான், வந்துகொண்டே இருந்தான். "ஒரு ஃபிரேமோட திருகு இத்தனை தடவையா கழலும்?" என்று கடைக்காரரே வாய்விட்டுக் கேட்டாராம். ஒரே சபை, பாடகர் குழுவில் பாடுகிறவன், தங்கமான பையன். இரண்டு வீட்டிலும் பேசி முடித்தார்கள்.

பேசி முடித்த மறுவாரமே மகள் சொன்னாள், "நீ வரலேன்னா நான் தனியாவே டாக்டர்கிட்ட போறேன்." தையல்காரம்மா வேறு வழியில்லாமல் கூடப் போனாள். டாக்டரம்மா ஸ்கேன் படத்தை மேஜையில் வைத்து, மகளைப் பார்த்தே பேசினார்.

"பிறக்கும்போதே உனக்குக் கர்ப்பப்பை உருவாகலைம்மா. யார் தப்பும் இல்லை. தாம்பத்தியத்துக்குச் சிகிச்சை இருக்கு, வழி இருக்கு. ஆனா வயித்துல பிள்ளை சுமக்க முடியாது." பிறகு தாயின் பக்கம் திரும்பினார். "பதினைஞ்சு வயசிலேயே கூட்டிட்டு வந்திருக்கணும். இதைத் தாங்கிப் பழக அவளுக்கு ஏழு வருஷம் கிடைச்சிருக்கும். இப்போ கல்யாணத்துக்கு ரெண்டு மாசம்கூட இல்லேங்கறீங்க."

வெளியே வந்ததும் மகள் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தையல்காரம்மாதான் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு அவள் காதோரம் குனிந்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. முதல்ல கல்யாணம் முடியட்டும். அப்புறம் கர்த்தர் பார்த்துப்பார்."

"கர்த்தர் இப்பவே பார்த்துட்டுத்தானேம்மா இருக்கார்?" என்றாள் மகள்.

அந்தச் சபையில் கல்யாணத்துக்கு முன் ஓலை வாசிப்பார்கள். மூன்று ஞாயிறு, ஆராதனை நடுவே, மணமக்களின் பெயரைப் போதகர் வாசித்து, இவர்கள் சேர்வதற்குத் தடை அறிந்தவர் இருந்தால் சொல்லலாம் என்று கேட்பார். அதற்கு முன் இருவரையும் உட்கார வைத்து ஒரு வகுப்பும் உண்டு. கணவன் மனைவிக்குள் ஒளிவு மறைவு கூடாது, உடம்பும் அதில் சேர்த்திதான் என்று போதகர் தெளிவாகவே சொன்னார். வீட்டில் நிரப்பிக் கொண்டுவர ஆளுக்கொரு படிவமும் கொடுத்தார். அதில் உடல்நலம் என்ற இடத்தில் 'குறை ஒன்றுமில்லை' என்று எழுதியது மகளல்ல, தையல்காரம்மா. அழகான கையெழுத்து வேறு!

முதல் ஓலை வாசித்தார்கள். 'தடை அறிந்தவர்' என்றபோது தாய் ஓரக்கண்ணால் வரிசை வரிசையாகப் பார்த்தாள். யாரும் எழவில்லை. இரண்டாவது ஓலைக்கும் யாரும் எழவில்லை. தையல்காரம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மகளுக்குத்தான் சோறு இறங்கவில்லை.

"அவர்கிட்ட மறைச்சுட்டு அவர் பக்கத்துல போய்ப் படுக்க என்னால முடியாது," என்றாள்.

"எத்தனை பேர் மறைக்கலை? உலகத்துல நீ ஒருத்திதானா?"

"அவங்க எல்லாம் எப்படித் தூங்கறாங்களோ, எனக்குத் தெரியாதும்மா."

மூன்றாவது ஞாயிறுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவனைப் பார்த்துவிட்டு வந்தாள். முகம் அப்படி மலர்ந்து தாய் பார்த்ததே இல்லை. "சொல்லிட்டேன்மா. எல்லாத்தையும். எனக்கு நீ போதும்னு சொல்லிட்டார். கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுட்டார்ம்மா!"

பாவி, அன்றைக்குத்தான் தையல்காரம்மாவும் நம்பினாள். இத்தனை வருஷம் வீணாகப் பயந்தோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். மகளைக் கட்டிக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள்.

மறுநாள் போதகர் ஓலை வாசித்தார். ஒரு ஜோடி. அடுத்து இன்னொரு ஜோடி. அடுத்து, "பாடுவோம்" என்றார்.

அவ்வளவுதான். யாரும் எழுந்து தடை சொல்லவில்லை. இவர்கள் பெயரே வரவில்லை. பாடகர் குழு சபையைப் பார்த்து உட்காருமே, அவன் முகம் பாட்டுப் புத்தகத்துக்குள் இருந்தது. குழு எழுந்தபோது அவனும் எழுந்தான், பாடினான். மகளும் எழுந்து நின்று பாடினாள். தையல்காரம்மாதான் உட்கார்ந்தே இருந்தாள்.

வாசலில் அவன் வந்து நின்றான். "அம்மாகிட்ட மறைக்க முடியலை. நேத்திலேருந்து தண்ணிகூடக் குடிக்கலை அவங்க. நான் ஒரே பிள்ளை..."

"போங்க. அவங்களைப் பாருங்க," என்றாள் மகள். அவன் போய்விட்டான். போகச் சொன்னால் போய்விடுவதா? நினைத்தாலே எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பெண்கள் சங்கத் தலைவி ஓடி வந்து தையல்காரம்மாவின் கையைப் பிடித்தார். "என்ன ஆச்சு? உங்க பேரை விட்டுட்டாங்களே?" தையல்காரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மகள் சொல்லிவிட்டாள், "எனக்குக் கர்ப்பப்பை இல்லைங்க ஆன்ட்டி."

தலைவி அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷிதான், கண் கலங்கிவிட்டது. "கர்த்தர் உன் கர்ப்பத்தைத் திறப்பார்ம்மா."

"திறக்க அங்க ஒண்ணுமே இல்லைங்க ஆன்ட்டி."

வீட்டுக்கு வந்தார்கள். தையல்காரம்மா தையல் மெஷின்மேல் பையை வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "போகட்டும் விடு. வேற இடம் பார்ப்போம். கொஞ்சம் தூரமா."

"பாரு. ஆனா பேச்சு ஆரம்பிக்கும்போதே நீதான் சொல்லணும். இன்னொரு தடவை சொல்ல எனக்குத் தெம்பில்லை."

"சொல்றேன்."

"எப்படிச் சொல்லுவே? இப்போ சொல்லிக் காட்டு."

தையல்காரம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். "எங்க பொண்ணுக்கு..." என்றாள். நிறுத்தினாள். "வந்து, எங்க பொண்ணுக்கு கொஞ்சம்..." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

மகள் பொறுமையாக நின்று காத்திருந்தாள். தாய்க்கு இன்னும் கொஞ்சம் நேரம் கொடுத்தாள். பிறகு, "சரி விடும்மா," என்று சொல்லி, உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.