முதலாளி முகம்

பேசாமல் பேசுவது எப்படி என்று கற்றுக்கொள்ள, அடையாறில் ஒரு ஏ.சி. ஹாலில் சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தான் சக்திவேல். தி. நகரில் ஜவுளிக்கடை வைத்துப் பேசிப் பேசியே பிழைக்கிறவனுக்கு இந்தத் தலையெழுத்து. பயிற்சி கொடுத்த ஸ்ரீரங்கன் மட்டும் காலையிலிருந்து வாயை மூடவில்லை.

"மறதி நோய்ல வார்த்தைதான் சார் முதல்ல போகும். பெரியவா உங்க முகத்தைப் படிச்சுண்டே இருப்பா. எதிர்ல உக்காருங்கோ, கண்ணைப் பாருங்கோ, சிரிங்கோ, உள்ளங்கையை விரிச்சுக் காட்டுங்கோ."

பிறகு ஜோடி ஜோடியாகச் சிரித்துப் பழகச் சொன்னார். சக்திவேலுக்கு வாய்த்தவர் ஒரு ரிட்டயர்டு பேங்க் மேனேஜர். இருவரும் மாற்றி மாற்றிப் பல்லைக் காட்டிக்கொண்டதில் தாடை வலித்ததுதான் மிச்சம்.

சிரிக்கிற நிலைமையில் அவன் இல்லை. கடையை ஆரம்பித்த அப்பா இசக்கிமுத்துவுக்கு மறதி நோய்; ஒரு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இப்படியே போனால் மூக்கு வழியாக டியூப்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். போட்டால் அப்பா பிடுங்குவார். பிடுங்கினால் கையைக் கட்டிலோடு கட்டுவார்கள்.

மறுநாள் மதியம் அசோக் நகர் வீட்டில், ரசம் சாதத் தட்டோடு அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்தான். கண்ணைப் பார்த்தான், சிரித்தான், உள்ளங்கையை விரித்தான். ஒன்றையும் விடவில்லை.

இசக்கிமுத்து மரியாதையாகத் தலையசைத்தார். "சரக்கு நல்லாத்தான் இருக்கு தம்பி. பழசே தேங்கிக் கெடக்கு, ஆடித் தள்ளுபடி முடியட்டும். எம்மா, தம்பிக்கு ஒரு காபி குடு."

சூரத்திலிருந்து வரும் சேலை ஏஜெண்டுகள்தான் அவர் எதிரே உட்கார்ந்து அப்படிச் சிரிப்பார்கள். பெற்ற மகன் அவர் முன்னால் உட்கார்ந்ததும் கிடையாது, சிரித்ததும் கிடையாது. அடையாறு ஹாலில் இதற்குப் பாடம் இல்லை.

"காபிக்குச் சக்கரை போடவா?" என்று சமையலறையிலிருந்து கேட்டாள் லாவண்யா. மனைவி கிண்டலுக்கு நேரம் காலம் பார்க்கிறவளில்லை.

சக்திவேல் இன்னும் பெரிதாகச் சிரித்துப் பார்த்தான். அப்பா தட்டைத் தள்ளினார். ரசம் அவன் மடியில் கொட்டியது. அவ்வளவுதான், படித்ததெல்லாம் காற்றில் போனது. விருட்டென்று எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, உதட்டை இறுக்கி முறைத்தான். கடையில் பட்டுச்சேலைப் பிரிவுத் தூணருகே அவன் நிற்கிற நிலை அது. அலமாரியில் சாய்ந்திருக்கிற வேலைப் பெண்கள் அதைப் பார்த்ததும் விறைப்பாகிவிடுவார்கள். அதற்கு அவன் எந்த வகுப்புக்கும் போனதில்லை.

இசக்கிமுத்து பதறி எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டு தலையைக் குனிந்தார்.

"உக்காரல முதலாளி. காலு மரத்துப் போச்சு, அதான் சாஞ்சேன்."

தட்டில் மிச்சமிருந்ததை எடுத்து, நின்றபடியே அள்ளி அள்ளி விழுங்கினார். சொந்தக் கடை போடுவதற்கு முன்னால் பல வருடம் இன்னொருவர் கடையில் துணி மடித்த மனிதர். முதலாளி பார்க்கிறார் என்றால் சாப்பாடு அப்படித்தான் இறங்கும்.

"சாப்பிடுறாருங்க!" லாவண்யா கிசுகிசுத்தாள். "அப்படியே நில்லுங்க, சிரிச்சுத் தொலைக்காதீங்க."

நின்றான். இனி டியூப் வேண்டாம், சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனால் அப்பா ஒவ்வொரு வாய்க்கும் பயந்து பயந்து அவன் காலைப் பார்த்தார். கடையில் தினமும் பார்க்கிற பயம்தான். அங்கே அது அவனுக்குப் பிடித்தும் இருந்தது. இங்கே பார்க்கச் சகிக்கவில்லை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு இசக்கிமுத்து வந்து நின்றார்.

"முதலாளி, ஊர்ல ஆம்பளப் புள்ள பொறந்திருக்குன்னு தந்தி வந்திருக்கு. யாவார நேரம்னு தெரியும். ஒரு நாள் விட்டீங்கன்னா, புள்ள மூஞ்சிய மட்டும் பாத்துட்டு ஓடியாந்துருதேன்."

சக்திவேல் வீட்டுக்கு ஒரே பிள்ளை. தலையை மட்டும் ஆட்டினான்.

இசக்கிமுத்து கும்பிட்டார். அவனை ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்காமல், மகன் முகத்தைப் பார்க்க வாசல் பக்கம் வேகமாக நடந்தார்.