நாற்பது மேய்ப்பர்களும் ஓர் ஆடும்

மெர்டேக்கா என்று மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த மறு மாதமே வெள்ளைக்காரக் கம்பெனி எங்கள் கப்பலை விற்றுவிட்டுப் போனது. மலாக்காவுக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே முப்பது வருஷம் ஆள் ஏற்றிய கிழட்டுக் கப்பல். அதில் இருபத்தாறு வருஷம் என்ஜின் பார்த்தவன் நான், கலியாணசுந்தரம். வாங்கியவர் மலாக்காவில் காஜா பேராங் பக்கம் மளிகைக்கடை வைத்திருந்த மாணிக்கவாசகம். கடலை அவர் கரையில் நின்றுதான் பார்த்திருக்கிறார்.

"இனிமே இது நம்ம கப்பல், சுந்தரம்" என்றார்.

"என் வேலை இருக்குமா, முதலாளி?"

"பார்க்கலாம்."

அந்த ஒரு வார்த்தையை வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி அஞ்சலை மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். வேலை நிலைத்தால் பூலாவ் பெசார் தீவு தர்காவில் ஆடு அறுத்து விருந்து வைப்பதாக வேண்டிக்கொண்டாள்.

கப்பலைச் சோதித்த அதிகாரி, பயணிகளை ஏற்ற இது லாயக்கில்லை என்று எழுதினார். ஆடு மாடு ஏற்றலாம், அவற்றோடு மேய்ப்பவர்கள் போகலாம். எத்தனை பேர் என்று எழுதவில்லை. மளிகைக்கடை மூளைக்கு அது போதாதா? முதலாளி தன் வீட்டு ஆட்டுக்கடாவைக் கொண்டுவந்து மேல்தளத்தில் கட்டினார். தீவுக்குப் போக வந்த நாற்பது பேரும் மேய்ப்பர்கள் என்று கையெழுத்துப் போட்டு ஏறினார்கள். பள்ளிக்கூட வாத்தியார், கோர்ட்டில் எழுத்து வேலை பார்க்கும் கெராணி, பட்டுச்சேலைப் பெண்கள், எல்லாரும் மேய்ப்பர்கள்தான். தலைமை மேய்ப்பர் என்று ஒருவர் வேண்டுமாம், அது நான். கூச்சமாக இருந்தது. ஆனாலும் வேலை நிலைத்தது, என்ஜின் ஓடியது.

அஞ்சலை நேர்த்திக்கடன் ஆட்டோடு ஏறிய அன்று, முதலாளி தன் கடாவை வீட்டிலேயே விட்டுவிட்டார். "ஒரு ஆடு போதும்பா. எதுக்கு ரெண்டு?"

தீவில் இறங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. "முதலாளி, இதை அறுத்துட்டா திரும்புறப்போ ஆட்டுக்கு எங்கே போறது?"

"சாமி காரியத்துல குறுக்கே பேசாதே, சுந்தரம்" என்று அடக்கினார். தொடைக்கறியை அவரே கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அஞ்சலை முகத்தில் அப்படியொரு நிறைவு. நானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் மலாக்காவுக்குத் திரும்பியபோது படகுத்துறையில் அந்த அதிகாரி நின்றிருந்தார். "ஆடு எங்கே?"

நாற்பது மேய்ப்பர்களும் கடலைப் பார்த்தார்கள். வாத்தியார் ஒரு ஏப்பம் விட்டார். முதலாளி கொஞ்சமும் யோசிக்காமல் என் பக்கம் கையைக் காட்டினார். "தலைமை மேய்ப்பர் இவர்தான், துவான். இவரைக் கேளுங்க."

கப்பல் தப்பியது. அடுத்த வெள்ளிக்கிழமை கடா மேல்தளத்துக்குத் திரும்பியது. எனக்கு முதலாளியிடமிருந்து கடிதம் வந்தது. அஞ்சலைக்குப் படிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன்: ஒப்படைத்த ஆட்டைப் பாதுகாக்கத் தவறியதால் வேலையிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.

"ஏங்க, என்ஜின் பார்த்ததைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க?" என்று கேட்டாள்.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என்ஜின் என்ற சொல்லே அதில் இல்லை.